நீர்ப்பணி ஒப்பந்தமும் ஊரார் உரிமையும்

(நெய்வேலி நகரியத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலி நீரைத் தேடப் புகுந்து நெருப்பைக் கண்ட ஊர். கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் சம்புலிங்கனார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரும்பொருள் கலந்து மேலெழுந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர்த் தெளிந்து, 1956-இல் நிறுவனம் அமைந்து, 1957-இல் சுரங்கம் தொடங்கிற்று. அன்றுமுதல் இவ்வூரில் நீரின் நிலையே தலைகீழாயிற்று. பிற ஊர்களில் நீர் வேண்டுமென்று தோண்டுவர். இங்கோ கரி வேண்டுமென்று நீரை இறைப்பர். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தம் மிக்க நீர்ப்படுகை ஒன்று கிடக்கின்றது. அவ்வழுத்தத்தைத் தணிக்காவிடின் சுரங்கத்தின் அடித்தளமே பிளந்து நீர் பீறிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவர், தம் கிணற்று நீர் கீழே போயிற்றென்று முறையிடுவதும் அன்றுதொட்டுக் கேட்கின்ற குரலே.

இத்தகைய ஊரில் 'ஒப்பந்தம்' என்று சொன்னவுடன் எல்லார்க்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒப்பந்தத் தொழிலாளர் துயரே. நிலைப்பணி வேண்டிப் பல்லாண்டு போராடியவர் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். இன்று பேசப்படுவது அதனோடு உறவுடைய வேறோர் ஒப்பந்தம். குடிநீர்க் குழாயும், நீர்த்தூய்மை நிலையமும், அணையும், ஏரிக்கரையும் யாரால், எந்த முறையில், எவர் பொறுப்பில் கட்டப்பெறுகின்றன என்பதே இன்றைய பொருள். இது பொறிஞர்க்கும் கணக்கர்க்கும் உரிய செய்தியன்றோ, தமிழ்மன்றத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணலாம். குடிக்கும் நீரின் விலையை இருபத்தைந்து ஆண்டுக்கு முன்கூட்டியே கட்டிப்போடும் ஓர் ஆவணத்தை, அந்நீரைக் குடிப்பவன் படிக்கவே இயலாத நிலையில், தமிழ்மன்றம் வாய்மூடியிருத்தல் எங்ஙனம் தகும்?

நெடுந்தொலைவு போகவேண்டா. நகரியத்தை அடுத்த வடக்குத்திலேயே தொடங்கலாம். வீராணத்து நீர் சேத்தியாத்தோப்பினின்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குழாயில் வந்து வடக்குத்து நிலையத்தில் தூய்மை பெறுகின்றது. அங்கிருந்து காடாம்புலியூர் மேட்டுத் தொட்டிக்கு ஏற்றப்பெற்று, பின்னர் 200 கிலோமீட்டர் தொலைவைத் தன் எடையாலேயே கடந்து போரூரைச் சேர்கின்றது. நாளொன்றுக்கு 18 கோடி இலிட்டர் கொண்டுசெல்லத் தக்க இவ்வேற்பாடு 2004-இல் முடிவுற்றது. செலவு ஏறத்தாழ 720 கோடி உருபா. ஏரி வறண்டு கிடந்த காலத்தில் நெய்வேலி வட்டாரத்து ஆழ்குழாய் நீரும் இக்குழாய் வழியே சென்னைக்குச் சென்றது. ஆதலின் இக்குழாய் நெய்வேலியார்க்கு அயலான பொருளன்று.

இதற்கு 'புதிய வீராணத் திட்டம்' என்று பெயர் வந்ததன் கரணியம் முதியோர்க்குத் தெரியும். பழைய வீராணத் திட்டம் ஒன்று இருந்தது. 1970-களின் முற்பகுதியில் முன்னழுத்தக் கற்காரைக் குழாய்களால் வீராண நீரைச் சென்னைக்குக் கொண்டுசெல்ல ஒப்பந்தம் விடப்பெற்றது. குழாய்கள் வார்க்கப்பெற்றன, சாலையோரம் கொணர்ந்து இறக்கவும் பெற்றன, நீர் மட்டும் வரவில்லை. ஆள் நிமிர்ந்து நடக்கத்தக்க அவ்வுருளைகள் நெடுஞ்சாலையோரங்களில் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. வீடற்ற ஏழையர் அவற்றுள் அடுப்பு மூட்டிக் குடியிருந்ததைப் பேருந்தில் சென்றோர் எல்லாரும் கண்டனர். 1976-இல் அமைந்த சர்க்காரியா ஆணையம் உசாவிய பொருள்களுள் இவ்வொப்பந்தமும் ஒன்று. அதன் அரசியலை ஈண்டுக் கிளறுவது நோக்கமன்று. ஒப்பந்த முறையைப் பற்றியவளவில் அது கற்பிக்கும் பாடம் வேறு. அப்போது பொதுப்பணத்திற்கு ஈடாக வந்தது குழாய். மக்களுக்கு வேண்டியிருந்ததோ நீர். குழாய்க்கு விலை பேசுவதும் நீருக்கு விலை பேசுவதும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தலைமுறைக்காலம் பிடித்தது.

வழக்கமான முறை எது? அரசுத் துறையின் பொறிஞர் திட்டம் வரைவர். இவ்வளவு மண் அகழ இவ்வளவு, இத்தனை முழக் குழாய் பதிக்க இவ்வளவு என்று பணிகளைக் கூறுகூறாகப் பட்டியலிடுவர். விலை கேட்டு அறிவிக்கை விடுவர். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டப்படி, தகுதியுடையாருள் குறைந்த விலை கூறியவர்க்கே பணி. (இங்கே ஒரு சொல். 'டெண்டர்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒன்றுக்கு 'ஒப்பந்தப்புள்ளி' என்னும் நற்றமிழ்ச்சொல் அரசாணையில் ஏறிப் பல்லாண்டாகியும், ஒப்பந்தக்காரர் வாயிலும் அலுவலர் வாயிலும் இன்னும் 'டெண்டர்' தான் வாழ்கின்றது. சொல் ஏட்டில் ஏறினால் மட்டும் போதாது போலும்.)

இம்முறையில் நன்மை இல்லாமலில்லை. திட்டம் பொதுத்துறையின் கையில் இருக்கின்றது. விலை வெளிப்படையாக ஒப்பிடப்படுகின்றது. சிறு ஒப்பந்தக்காரரும் போட்டியில் நிற்கலாம். ஆயினும் இதன் நடுவே ஓர் ஓட்டை உண்டு. வரைந்தவன் ஒருவன், கட்டுபவன் மற்றொருவன், இயக்குபவன் மூன்றாமவன். தொட்டி ஒழுகினால் கட்டியவன் வரைபடத்தைக் காட்டுவான். வரைந்தவன் கட்டுமானத்தைக் காட்டுவான். இயக்குபவனாகிய ஊராட்சியின் நீரேற்றும் தொழிலாளி இருவரையும் காணாமல் வானத்தைக் காட்டுவான். குறைநீக்கும் காலம் என்று ஓராண்டோ ஈராண்டோ குறிக்கப்பெற்றிருக்கும். அது கழிந்த மறுநாள் ஒப்பந்தக்காரர் பொறுப்பும் கழிந்துவிடும். பணி பெறுவதற்காக விலையைத் தாழ்த்திச் சொன்னவர், பணி நடுவில் 'கூடுதல் வேலை' என்று கணக்கெழுதி அத்தாழ்வை மேடாக்கிக்கொள்வதும் உலகறிந்த செய்தி. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கட்டி முடித்துக் கல்வெட்டும் பதித்து, நீரேறாமலே நிற்கும் மேனிலைத் தொட்டியைக் காணாதார் யார்?

இவ்வோட்டையை அடைக்கவே மாற்று முறைகள் எழுந்தன. அவற்றுள் முதலாவது, வரைதலையும் கட்டுதலையும் இயக்குதலையும் ஒருவர் பொறுப்பிலேயே விடுவது. கட்டடமும் நிலமும் பொதுவுடைமையாகவே இருக்கும், பணமும் அரசினுடையதே, ஆனால் கட்டியவர் குறித்த ஆண்டுகள் தாமே இயக்கி, குறித்த தூய்மையில் குறித்த அளவு நீரைக் காட்டவேண்டும். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி இலிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இம்முறையில் எழுந்து 2013-இல் திறக்கப்பெற்றது. வா டெக் வாபாக் நிறுவனமும் இசுரேல் நாட்டு ஐ.டி.இ. நிறுவனமும் சேர்ந்து அதைக் கட்டின. அதனருகே 15 கோடி இலிட்டர் ஆலை 2024-இல் திறக்கப்பெற்றது. பேரூரில் 40 கோடி இலிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. இவ்விரண்டிலும் கட்டுபவர்க்கே 20 ஆண்டு இயக்கும் கடமையும் உண்டு.

இதன் நுட்பம் எளியது. தானே இருபது ஆண்டு இயக்கவேண்டுமென்றால் எவனும் மலிவான எக்கியை வாங்கிப் பொருத்தான். ஆயிரம் இலிட்டர் நீருக்கு இவ்வளவு மின்னாற்றலே செலவாகும் என்று முன்கூட்டி உறுதி கூறவேண்டியிருப்பதால், கட்டும்போதே கணக்காய்க் கட்டுவான். குறைந்த கட்டுவிலையைப் பார்த்தன்று, கட்டுவிலையும் இருபதாண்டு இயக்குவிலையும் சேர்ந்த மொத்தத்தைப் பார்த்தே பணி தரப்படும். வீடு கட்டுவோர் அறிவர்: மரம் மலிவென்று வாங்கிய கதவு, ஆண்டுதோறும் தச்சனுக்குக் கூலி தந்தே விலையேறிப் போவதுண்டு.

ஆனால் இதிலும் ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. இருபதாண்டு வேறொருவர் இயக்கிய ஆலையைக் கடைசி நாளில் வாங்கிக்கொள்ளும் வாரியத்தில், அதை இயக்கத் தெரிந்த கைகள் இருக்குமா? பொதுத்துறைப் பொறிஞர் வெறும் கையெழுத்துப் பொறிஞராய்த் தேய்ந்துபோனால், அடுத்த ஒப்பந்தத்திற்கு விலை மதிப்பிடவும் அவ்வொப்பந்தக்காரரிடமே போய் நிற்க நேரும். ஆலையின் ஒவ்வொரு பணிமுறையிலும் வாரியத்து இளம்பொறிஞரும் தொழிலாளரும் உடனிருந்து கற்றாகவேண்டும் என்னும் விதி ஒப்பந்தத்திலேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது முறை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. பணத்தையும் தனியாரே போட்டு, கட்டி, உடைமையும் கொண்டு, இயக்கி, நீரை அரசுக்கு விற்று, குறித்த ஆண்டு கழிந்தபின் கையளிப்பது. வடசென்னை மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பெற்ற 10 கோடி இலிட்டர் ஆலை இம்முறையில் எழுந்தது. ஐதராபாத்து ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும், இசுபெயின் நாட்டு அபெங்கோவாவின் கிளையாகிய பெபெசாவும் கூடி அதை அமைத்தன. ஆயிரம் இலிட்டர் 48 உருபா 66 காசு என்று தொடக்க விலை குறித்து, 25 ஆண்டுக்கு நீர் வாங்கச் சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்பிற்று. முழு அளவும் வாங்கினால் அவ்விலையில் நாளொன்றுக்கு 48 இலக்கத்து 66 ஆயிரம் உருபா. தொடக்கத்தில் அரசு கைப்பணம் போடவேண்டியதில்லை என்பதே இம்முறைக்குக் கூறப்பெறும் பெருஞ்சிறப்பு. உண்மையே, கடைக்காரனிடம் பற்றெழுதி வாங்குவோனும் அன்று கைப்பணம் தரவேண்டியதில்லை.

இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒப்பந்தத்தின் வாழ்நாள் 25 ஆண்டு. ஒப்பந்தம் செய்தவர் வாழ்நாள் எவ்வளவு? அபெங்கோவா 2015-இல் கடன்சுமை தாங்காது காப்புக் கேட்டு முறைமன்றம் ஏறிற்று. ஐ.வி.ஆர்.சி.எல். 2018-இல் நொடிப்புச் சட்டத்தின் பிடியுட் சென்றது. ஆலை திறந்து எட்டாண்டுக்குள் அதைத் தோற்றுவித்த இரு பெருநிறுவனங்களும் ஆட்டங்கண்டன. ஆலை நின்றுவிடவில்லை, 2019-ஆம் ஆண்டுக் கொடுவறட்சியில் சென்னை மக்களுக்கு அதுவும் நீர் தந்தது. அதை மறைப்பது முறையன்று. ஆயினும் 'இடரைத் தனியார் சுமப்பர்' என்னும் கூற்றின் எல்லை எவ்வளவு என்பது இங்கே தெரிந்துவிடுகின்றது. நிறுவனம் நொடித்தால் அதன் பங்குதாரர்க்குப் பணம் போகும். நகரத்துக்கோ தாகம் வரும்.

திருப்பூர்ப் பட்டறிவு இதனினும் கூரியது. பின்னலாடைத் தொழிலுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நகர மக்களுக்கும் வழியிலுள்ள சிற்றூர்களுக்குமாகப் பவானியாற்றினின்று நாளொன்றுக்கு 18½ கோடி இலிட்டர் கொணரும் திட்டம், ஏறத்தாழ 1,023 கோடி உருபாவில் தனியார் பங்கேற்புடன் எழுந்து 2005 வாக்கில் நீர் தரத் தொடங்கிற்று. இந்திய நாட்டிலேயே இவ்வகையில் முதல் முயற்சி என்று புகழப்பெற்றது. பட்டறைகள் மிகுவிலை தரும், அதைக்கொண்டு வீடுகளுக்குக் குறைவிலையில் நீர் தரலாம் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் சாயக்கழிவு நொய்யலாற்றை நஞ்சாக்கியதன் விளைவாக, 2011-இல் சென்னை உயர்முறை மன்றம், ஒரு துளிக் கழிவும் வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. மிகுவிலை தருவோர் கதவடைத்தபின் கணக்கு என்னாகும்? நீர் விற்று வட்டி கட்டவேண்டிய கழகம் கடனைத் திருப்ப அல்லலுற்றது. அதில் பங்குகொண்ட ஐ.எல்.எப்.எசு. என்னும் நிதிநிறுவனமே 2018-இல் சரிந்தது. ஆற்றைக் கெடுத்த தொழிலையே நம்பி ஆற்றுநீர்த் திட்டத்தின் வட்டிக் கணக்கு எழுதப்பெற்றது என்பதை, நொய்யற் கரையில் நின்று பார்ப்போர் எளிதில் மறவார்.

கோவையிலோ வேறொரு வகை. அங்கே நாள்முழுதும் நீர் வழங்கும் பகிர்மானப் பணியை 26 ஆண்டுக்கு பிரான்சு நாட்டுச் சூயசு நிறுவனத்தின்வசம் விட 2018-இல் ஒப்பந்தமாயிற்று. நீர் உடைமையோ விலை குறிக்கும் உரிமையோ மாநகராட்சியினின்று போய்விடவில்லை என்று அலுவலர் விளக்கினர். எதிர்த்தோர் அதை ஏற்கவில்லை. அவ்வழக்கை இம்மேடையில் தீர்க்க இயலாது. ஆனால் ஒன்று தெளிவு. ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் கோவை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022-இல்தான் அடுத்த மன்றம் அமைந்தது. இருபத்தாறு ஆண்டு நீராட்சியைப் பற்றிய ஆவணம், ஓர் உறுப்பினரும் இல்லாத மன்றத்தின் பெயரால் ஒப்பமாயிற்று. பணிமுறை நல்லதாயினும் ஆகுக; அதை ஏற்ற முறை எத்தகையது?

வெளிநாட்டில் இன்னொரு வழியும் பயின்று பார்த்திருக்கின்றனர். ஆத்திரேலியாவின் சிட்னி நகரில், 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்கு முன்னர், மழைக்காலத்தில் கழிவுநீர் பொங்கித் துறைமுகத்தில் கலவாதபடி தேக்கிவைக்க 20 கிலோமீட்டர் நிலத்தடிச் சுருங்கை ஒன்று அகழப்பெற்றது. அகழும்போது எத்தகைய பாறை எதிர்ப்படும் என்று எவர்க்கும் தெரியாது. அந்நிலையில் விலையை முன்னரே கட்டினால் ஒன்று ஒப்பந்தக்காரன் அழிவான், அல்லது அரசு ஏமாறும். ஆகவே நீர்வாரியமும் வரைபவரும் கட்டுபவரும் ஒரே மேசையில் அமர்ந்து, கணக்கேடு எல்லார்க்கும் திறந்திருக்க, மிச்சமானால் பகிர்வது, மிகையானாலும் பகிர்வது என்று உடன்பட்டனர். ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதில்லை என்றும் ஒப்பினர். இது நம் நாட்டுக்கு ஒத்துவருமா? கணக்கேட்டைத் திறந்து வைக்கும் பழக்கம் வந்தபின் அதை எண்ணலாம். அதற்குமுன் இம்முறையைக் கொணர்ந்தால் பகிரப்படுவது வேறாக இருக்கும்.

இனி, நம் முன்னையோர் இப்பணிகளை எங்ஙனம் செய்தனர்? வீராணம் என்று இன்று வழங்கும் ஏரி, வீரநாராயணன் என்னும் சிறப்புப்பெயர் கொண்ட முதற் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் அமைத்ததென்பது வரலாறு. பத்தாம் நூற்றாண்டில் எடுத்த அவ்வேரியின் நீரே இன்று சென்னைக்குக் குடிநீராகின்றது. அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியம் ஒன்று அறுவரைக் கொண்டு அமைந்ததையும், குடவோலையால் அவர் தேர்வு பெற்றதையும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் ஏறலாகாதென்றும் கூறுகின்றது. பதவிக்காலம் 360 நாளே. இன்றைக் குடிநீர் வாரியத்திற்கும் அன்றை ஏரி வாரியத்திற்கும் பெயரில் ஒற்றுமை இருக்கின்றது. கணக்குக் காட்டுவதிலும் இருந்தால் நன்று. அதே நேரத்தில் மெய்யை மெய்யாகவே சொல்லவேண்டும். அவ்வாரியம் ஏறுதற்கு நிலமும் சொந்த மனையும் மறைநூற் பயிற்சியும் வேண்டப்பெற்றன. ஏரியில் மண் சுமந்த குடிகளுக்கு அதில் இடமில்லை. முன்னையோர் செய்ததெல்லாம் முறையென்று பாடுவது ஆராய்ச்சியாகாது.

பின்னாளில் 'குடிமராமத்து' என்று வழங்கிய ஊர்ப்பணி முறையும் அவ்வாறே இருமுகம் உடையது. (அப்பெயரிற் குடி தமிழ், மராமத்து அரபுமொழி வழி வந்தது. பொதுப்பணித்துறையையே மராமத்து இலாகா என்று ஒரு காலத்தில் அழைத்தனர். குடிப்பேணல் என்றால் பொருளும் விளங்கும், நாவும் நோகாது.) பாசனம் பெறுவோரே ஆண்டுதோறும் கூடிக் கால்வாய் தூர்வாரி, மடை செப்பனிட்டு, கரை உயர்த்திய முறை அது. ஆங்கிலவராட்சி 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றி அவ்வுழைப்பைச் சட்டக் கடமையாக்கிற்று. ஆனால் ஏரியின்மேல் ஆளுமையைத் தன் துறைக்கே வைத்துக்கொண்டது. உரிமை போனபின் கடமை மட்டும் எங்ஙனம் நிற்கும்? முறை தேய்ந்தொழிந்தது. 2017-இல் தமிழ்நாட்டரசு அதை மீட்டு, 100 கோடி உருபாவில் 1,519 பணிகளை உழவர் சங்கங்கள் வழியே செய்ய முற்பட்டது. பத்தில் ஒரு பங்கை உழவர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதி. மெய்யான உழவர் சங்கம் இருந்த ஊர்களில் ஏரி நிரம்பிற்று. ஒப்பந்தக்காரரே சங்கப் பெயரைப் போர்த்துக்கொண்டு வந்ததாகக் குறை எழுந்த ஊர்களும் உண்டு.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஊர்ச்சங்கம் போதும். 200 கிலோமீட்டர் எஃகுக் குழாய்க்கு அது போதுமா என்று கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே. விடை வடகரைக்கு அருகிலேயே இருக்கின்றது, நம் வடகரையன்று, கேரளத்து வடகரை. அங்கே 1925-இல் வாக்படானந்தர் என்னும் சீர்திருத்தச் செம்மலின் வழிநின்ற கூலித்தொழிலாளர், வேலை தர மறுக்கப்பெற்ற நிலையில், 14 பேராகக் கூடி ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுக் கழகத்தைத் தொடங்கினர். மண் வெட்டியவரே உறுப்பினர், உறுப்பினரே முதலாளி. இன்று அக்கழகம் பாலமும் நெடுஞ்சாலையும் பெருங்கட்டடமும் எடுக்கின்றது. பல்லாயிரவர் அதில் உழைக்கின்றனர். பெருநிறுவனங்களோடு போட்டியிட்டு அரசுப்பணி பெறுகின்றது. பெரும்பணிக்குப் பெருமுதலாளி வேண்டும் என்பதை நூறாண்டுப் பணியால் பொய்யாக்கிய கழகம் அது.

இதை நெய்வேலியில் சொல்வதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. ஆழ்துளையிடவும், பெருங்குழாய் இணைக்கவும், நீரேற்றுப் பொறிகளை இராப்பகலாக ஓட்டவும் இவ்வூர்த் தொழிலாளரைப்போல் பயின்றவர் தமிழ்நாட்டில் வேறெங்கே உளர்? நீரை இறைத்து இறைத்தே இரு தலைமுறை வாழ்ந்த கைகள் இவை. இவர்களுள் ஒரு பகுதியினர் கூட்டுறவுக் கழகத்தின் வழியே பணிபுரியும் ஏற்பாடும் இவ்வூருக்குப் புதியதன்று. ஆனால் அது ஆள் வழங்கும் கழகமாகவே நிற்கின்றது. பணியை ஏற்கும் கழகமாக வளரவில்லை. ஆள் வழங்கும் கழகத்தில் தொழிலாளி விற்பது தன் உடலுழைப்பை மட்டுமே. பணியேற்கும் கழகத்தில் தன் அறிவுக்கும் அவனே விலை சொல்வான். கடலூர் மாவட்டத்துக் கூட்டுக்குடிநீர்க் குழாய்ப் பணிகளுள் ஒன்றையேனும், பொறிஞர் சிலரைத் துணைக்கொண்டு, இத்தகைய தொழிலாளர் கழகம் ஒன்று வரைந்து, கட்டி, ஐந்தாண்டு பேணிக் காட்டுமானால், ஒப்பந்தத் தொழிலாளி என்னும் சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிடும். பெருங்கடலாலைகளைப் பொதுப்பணத்தில், பொதுவுடைமையில், கட்டுபவரே இயக்கும் முறையில் விடுக. குழாயையும் தொட்டியையும் தொழிலாளர் கழகங்களுக்கும், ஏரியையும் வாய்க்காலையும் மெய்யான உழவர் சங்கங்களுக்கும் விடுக. விலைக்கு நீர் விற்கும் இருபத்தைந்தாண்டுப் பற்றெழுதும் முறையை மட்டும், இனியொருமுறை தொடுமுன் நூறுமுறை எண்ணுக.

எண்ணுவதற்கு ஆவணம் கண்ணில் படவேண்டுமே! அங்கேதான் இப்பேச்சு தமிழுக்குத் திரும்புகின்றது. நெய்வேலி நிறுவனம் தோன்றிய அதே 1956-இல்தான் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டமும் இயற்றப்பெற்றது. அறுபது எழுபது ஆண்டு கழிந்தபின்னும் நீர்ப்பணி ஒப்பந்தம் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகின்றது. உலகளாவிய கடன் வாங்குவதால் ஆங்கிலம் வேண்டும் என்பர். கடன் தருவோர்க்கு ஆங்கிலப்படி ஒன்று இருக்கட்டும்; கடனை அடைப்போர்க்குத் தமிழ்ப்படி எங்கே? உத்தரமேரூரில் வாரிய விதிகளை எல்லாரும் வந்துபோகும் கோயிற் சுவரில், வந்தோர் மொழியில் வெட்டி வைத்தனர். இங்கோ குழாய் தன் வயலைக் கடந்து செல்லும் உழவன்கூட, அக்குழாயில் எவ்வளவு நீர் போகின்றது, எத்தனை ஆண்டுக்கு, கெட்டால் யார் பொறுப்பு என்பதை அறிய வழியில்லை. தமிழில் எழுத இயலாத நுட்பம் அதில் ஒன்றுமில்லை. இடர், பொறுப்பு, பேணுகை, கையளிப்பு, தண்டம், நடுவர் தீர்ப்பு என ஒப்பந்தத்திற்கு வேண்டிய சொல்லெல்லாம் ஆயத்தமாகவே உள.

2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, வேண்டுகையை அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழியில் எழுதலாம். வடக்குத்து நிலையத்தை இயக்குவோர் யார், எவ்வொப்பந்தத்தின்படி, எவ்வாண்டு வரை, நெய்வேலி வட்டாரத்து ஆழ்குழாய்களினின்று ஆண்டுதோறும் எடுத்த நீர் எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளோடு, ஒப்பந்தத்தின் தமிழ்ப்படி வேண்டும் என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்க. கட்டணம் 10 உருபா. கூட்டம் கலையுமுன் எழுதத் தாளும் எழுதுகோலும் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பெற்றிருக்கின்றன.